நாய்க்கும் பெயர் வெட்டிய நாடு

எங்கள் பக்கத்தில் நாடகம் விடுகிற ஊர்களில், பாய் விரித்து இடம் பிடிக்கும் பாட்டிகளுக்கு முன்பே இப்போது முக்காலி வந்துவிடுகிறது. தருமபுரி மாவட்டத்தில் கம்பைநல்லூரைச் சுற்றியுள்ள ஊர்களில் அறுப்பு முடிந்து கோடை இறங்கினால் பாரதம் தொடங்கும். பகலில் கதை படிப்பார்கள், இரவில் கூத்து. பத்து மணிவாக்கில் களரி கட்டும்போது, பந்தல் காலோடு சேர்த்துக் கட்டிய முக்காலியின்மேல் ஒரு செல்போன் உட்கார்ந்திருக்கும். அதன் வாலில் ஒரு பவர் பேங்க். மைக் செட்டுக்காரரிடம் கெஞ்சி வாங்கிய வயர் ஒன்று ஆம்ப்ளிஃபயரிலிருந்து போனுக்கு ஓடும். பக்கத்தில் இரண்டு மூன்று பையன்கள் இருப்பார்கள். ஒருவன் பாலிடெக்னிக் படிக்கிறவனாக இருப்பான், இன்னொருவன் ஓசூர்க் கம்பெனியில் ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்தவனாக இருப்பான். விடிய விடிய நேரலை.

யூட்யூப் 12 மணி நேரத்துக்கு உட்பட்ட நேரலையைத்தான் தானாகச் சேமித்து வைக்கும். கூத்து எப்படியும் எட்டு ஒன்பது மணி நேரத்தில் விடிந்துவிடும். கலிபோர்னியாவில் யாரோ போட்ட கணக்கு, நம் கூத்து வாத்தியார்களின் கணக்குக்குள் தற்செயலாக அடங்கிவிட்டது.

பார்க்கிறவர்கள் யார் என்பதை அறிய ஆராய்ச்சி தேவையில்லை. தருமபுரி மாவட்டத்துக்காரர்கள் பிழைக்கப் போகாத ஊர் இல்லை. பெங்களூரில் கட்டட வேலை, திருப்பூரில் பனியன் கம்பெனி, ஓசூரில் தொழிற்சாலை. திருவிழாவுக்கு லீவு கிடைக்காதவர்கள் அறையில் படுத்துக்கொண்டு போனில் பார்க்கிறார்கள். ஒருமுறை நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே பையனுக்கு அழைப்பு வந்தது. “தம்பி, போனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புப்பா, பின்பாட்டுல இருக்கறது எங்க மாமா.” பையன் திருப்பினான். அந்த மாமா யாரென்று ஊருக்கே தெரியும். திருப்பச் சொன்னவருக்கும் தெரியும். அந்தப் பதிவை ஐந்து வருடம் கழித்துப் பார்க்கப்போகிறவருக்குத்தான் தெரியாது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையம் மலிவானதற்குப் பிறகு பிறந்த வழக்கம் இது. எந்த அரசுத் திட்டமும் இதைத் தொடங்கவில்லை, எந்த அறக்கட்டளையும் காசு தரவில்லை. கலைக்காக ஒழுங்காக உழைக்கிற அமைப்புகள் தமிழ்நாட்டில் உண்டு. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் பி. ராஜகோபாலின் கட்டைக்கூத்துச் சங்கம் 1990இலிருந்து இயங்குகிறது. மேட்டூர்ப் பக்கம் ஏர்வாடியில் ‘மணல்வீடு’ இதழை நடத்தும் மு. ஹரிகிருஷ்ணன், கூத்துக்காரர்களையும் பொம்மலாட்டக்காரர்களையும் ஒன்றுகூட்டிக் களரி நடத்திப் பாராட்டி அனுப்புவதைப் பல வருடமாகச் செய்துவருகிறார். அவர்களிடம் ஆவணப்படுத்துகிற அறிவு இருக்கிறது. எங்கள் ஊர்ப் பையன்களிடம் ஆவணம் என்ற எண்ணமே கிடையாது. ஆனால் எத்தனை ஊர், எத்தனை இரவு என்று கணக்கெடுத்தால் அவர்கள்தான் அதிகம் பதிவு செய்திருப்பார்கள். தமிழில் ஒரு நிகழ்கலை இவ்வளவு பரவலாக இதற்கு முன் பதிவானதில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

அப்படியானால் குறை என்ன என்று கேட்பீர்கள். தலைப்புதான் குறை.

“செம கூத்து பாகம் 4”. “கோமாளி வேற லெவல் காமெடி”. “எங்க ஊர் திருவிழா 2”. இப்படித்தான் இருக்கின்றன. எந்த ஊர்? தெரியாது. எந்தக் கூத்துச் செட்டு? தெரியாது. கதை என்ன என்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தால் கண்டுபிடிக்கலாம். கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிக்கொண்டு இவ்வளவு கோபமாகத் திரைக்குப் பின்னால் பாடுகிறவன் துரியோதனனாகத்தான் இருக்க வேண்டும். துரியோதனன் வேஷம் கட்டியவர் யார், மிருதங்கம் யார், விடியற்காலை நாலு மணிக்கும் மூச்சு அறாமல் முகவீணை ஊதுகிறாரே அந்தப் பெரியவர் யார் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

வேடிக்கை என்னவென்றால், இந்த விவரமெல்லாம் எழுதி அச்சடித்து ஊர் முழுக்க ஒட்டியிருக்கிறது. ரோஸ் தாளிலோ மஞ்சள் தாளிலோ டீக்கடைச் சுவரில் ஒட்டுகிற நாடக நோட்டீஸை உற்றுப் படித்திருக்கிறீர்களா? மேலே அம்மன் துணை. அடுத்து ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை, இடம். பெரிய எழுத்தில் கதையின் பெயர். அதன்கீழ் நாடக மன்றத்தின் பெயர், வாத்தியார் பெயர், அவர் ஊர். பிறகு வேஷம் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கமாக வரிசை. கட்டியங்காரன் முதல் கடைசிச் சேவகன் வரை. அப்புறம் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம். ஒலி ஒளி அமைத்தவர் தனியாக. அடியில் ‘இப்படிக்கு ஊர்ப் பொதுமக்கள்’. அதற்கும் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் செல் நம்பரும். ஒரு நூலகர் கேட்கிற எல்லாம் அதில் இருக்கிறது. மூன்றாம் நாள் மழை கரைத்துவிடும், இல்லாவிட்டால் ஆடு தின்றுவிடும். முக்காலிக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் நாலு எட்டுதான் தூரம். அந்த நோட்டீஸை ஒரு நிமிடம் போனுக்கு முன்னால் பிடிக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

கூத்துக்குள்ளேயே பெயர் சொல்கிற வழக்கம் இருக்கிறது. நல்ல கட்டத்தில் ஒருவர் எழுந்து போய் அர்ச்சுனன் மார்பில் நூறு ரூபாய்த் தாளைக் குத்துவார். உடனே ஆட்டம் நிற்கும். கட்டியங்காரன் மைக்கைப் பிடித்து, இன்ன ஊர், இன்னார் மகன், இன்னார் அன்பளித்தது என்று சொல்லி, அவர் குடும்பம் வாழ வேண்டும் என்று வாழ்த்துவான். காசு கொடுத்தவர் பெயர் அப்பன் பெயரோடு யூட்யூபில் ஏறிவிடுகிறது. ஆடியவர் பெயர் ஏறுவதில்லை. இதை நான் குறையாகச் சொல்கிறேன் என்று கொடுத்தவர்கள் வருத்தப்பட வேண்டாம். அந்த நூறு ரூபாய் இல்லையென்றால் கூத்தும் இல்லை.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நடுகல் ஞாபகம் வரும். எங்கள் சீமை நடுகல் சீமை. தகடூர் என்ற தருமபுரியை ஆண்ட அதியமான் இறந்தபோது, அவனுக்கு நட்ட கல்லைப் பார்த்து ஔவை பாடியது புறநானூற்றில் இருக்கிறது. தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனால் வரிசையாக நடுகற்கள் நிற்பதைப் பார்க்கலாம். கம்பைநல்லூரிலிருந்து ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை வழியாகப் போனால் வருகிற செங்கம், நடுகல்லுக்குப் பேர்போன இடம். தமிழ்நாடு தொல்லியல் துறைக்காக இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ 1972இல் வந்தது.

அந்தக் கற்களில் எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த நாடு, எந்த ஊர், யாருடைய சேவகன், பெயர் என்ன, எதற்காகச் செத்தான். பெரும்பாலும் மாடு பிடித்த சண்டை அல்லது மாடு மீட்ட சண்டை. செங்கத்துக்குப் பக்கத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல் ஒன்று கிடைத்தது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கப் போய் விழுந்த கதை அதில் இருக்கிறது. அவன் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதாம். நாயின் பெயர் கோவிவன் என்று கல்லில் வெட்டிவைத்தார்கள்.

உளி பிடித்து ஒவ்வொரு எழுத்தாகச் செதுக்க வேண்டிய காலத்தில், ஒரு நாயின் பெயரை விட்டுவிடக் கூடாது என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. எத்தனை எழுத்தானாலும் காசு கேட்காத யூட்யூபில், முகவீணைக்காரர் பெயரை எழுத நமக்குக் கை வரவில்லை.

மழை வேண்டி விராட பருவம் விடுகிற ஊர்களில் மாடுபிடி சண்டை நடக்கும். விராடனின் மாடுகளைக் கௌரவர் ஓட்டிப் போக, அர்ச்சுனன் மீட்டு வருகிற கதை. நடுகல்லில் இருக்கும் அதே சண்டைதான், கூத்து வழியாக இன்றும் ஊர் நடுவில் நடக்கிறது. இதைப் பதிவு செய்கிற பையனுக்கு, தன் ஊர் ஏரிக்கரையில் சாய்ந்து கிடக்கிற கல்லும் அதே சங்கதிதான் என்று ஒருவர் சொன்னால் போதும், அவன் தலைப்பு வைக்கிற விதமே மாறிவிடும் என்று நம்புகிறேன். சொல்லாதது பெரியவர்களாகிய எங்கள் குற்றம்.

பெயர் எழுதினால் மட்டும் நிலைத்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. தடையின் நியாயத்துக்குள் நான் போகவில்லை. பறையடிப்பவர்கள், கரகம் ஆடுகிறவர்கள், கூத்துக்காரர்கள் என்று எத்தனையோ கிராமத்துக் கலைஞர்கள் அதில் போட்டு வைத்ததெல்லாம் ஓரிரு நாளில் கைக்கு எட்டாமல் போயிற்று. அதற்கு முன், இலவசமாக இணையப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. கம்பெனிக்காரன் கடையைச் சாத்தினால் நம் சரக்கும் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

இப்படித் தொலைந்துபோகாமல் பெயரோடு சேமித்துவைக்கிற வேலையையும் தமிழர்கள் செய்துகாட்டியிருக்கிறார்கள், அதுவும் சம்பளமில்லாமல். 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் எந்த மின்நூலை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். நூலுக்கு முன்னாலேயே தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று நன்றியோடு போட்டிருப்பார்கள். யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்த வடு ஆறாத ஈழத்தமிழர்கள் 2005இல் நூலகம் திட்டத்தைத் தொடங்கினார்கள். சங்க மலர், பள்ளி ஆண்டிதழ், அழைப்பிதழ் வரை மின்வருடி, ஆண்டும் ஆளும் ஊரும் குறித்து அடுக்குகிறார்கள். எங்கள் நாடக நோட்டீஸ் அவர்கள் கையில் கிடைத்தால் அதற்கும் ஒரு பக்கம் திறந்திருப்பார்கள். கணியம் மின்னிதழின் த. சீனிவாசனும் நண்பர்களும் 2013 முதல் நடத்தும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸில், அட்டைப்படம் செய்தவர், மின்னாக்கம் செய்தவர் பெயரெல்லாம் இருக்கும். விழுப்புரத்தில் கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக் கட்டற்ற மென்பொருள் சொல்லிக்கொடுக்கும் குனு லினக்ஸ் பயனர் குழு ஒன்று பல வருடமாக இருக்கிறது. விழுப்புரத்தில் முடிந்தது தருமபுரியில் முடியாதா?

விக்கிமீடியா பொதுவகத்தில் ஒரு படத்தை ஏற்றப் பாருங்கள். யார் எடுத்தது, என்றைக்கு, என்ன உரிமம் என்று சொல்லாமல் நகர விடாது. அந்தக் கெடுபிடி அலுப்புத்தான். அந்த அலுப்பில்தான் பெயர் பிழைக்கிறது. ஆனால் அங்கே போட வேண்டுமானால் ஆடியவர்களின் சம்மதம் வேண்டும். அதுதான் அடுத்த சிக்கல்.

வயதான வாத்தியார் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அரிதாரம் கலைக்கிற நேரம், தேங்காயெண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. “சாமி, போன்லயே பாத்துட்டா எவன் அட்வான்ஸ் குடுத்துக் கூப்புடுவான்?” என்றார். பக்கத்தில் திரௌபதி வேஷத்தைக் கழற்றிக்கொண்டிருந்த இளைஞர் வேறு மாதிரி சொன்னார். வீடியோவைப் பார்த்துத்தான் போன வருடம் அவர்களுக்குப் புதிய ஊர்களிலிருந்து அழைப்பு வந்ததாம். பிறகு குரலைத் தணித்து, “ஆனா பொம்பள வேஷத்த மட்டும் கிட்டத்துல எடுக்க வேணாம்னு சொல்லுங்கண்ணா, பையன் இஸ்கூல்ல கிண்டல் பண்றாங்களாம்” என்றார். இருவர் சொன்னதும் நியாயம். இருவரையும் யாரும் முன்கூட்டிக் கேட்டதில்லை.

காசு விஷயத்தையும் மூடிவைப்பானேன். ஆயிரம் சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்தால் யூட்யூப் விளம்பரப் பணத்தில் பங்கு தருகிறது. எட்டு மணி நேரக் கூத்தை ஐந்நூறு பேர் முழுதாகப் பார்த்தால் அந்த நாலாயிரம் வந்துவிடும். அந்தப் பங்கில் மிருதங்கக்காரருக்கு என்ன உண்டு? பையன்கள் கண்விழிக்கிறார்கள், டேட்டா செலவழிக்கிறார்கள், அவர்களுக்குப் பங்கு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். முழுதும் அவர்களுக்கே என்பது மட்டும் சரியில்லை. இதைப் பேசித் தீர்க்க வக்கீல் தேவையில்லை. நாடகத்துக்கு அட்வான்ஸ் பேசுகிற அதே திண்ணையில் இன்னொரு கால் மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

அடுத்த நாடகத்துக்கு முக்காலி தூக்கிப் போகிற தம்பிகளே, நாலு வேலை சொல்கிறேன். வேஷம் கட்டும் முன்பே வாத்தியாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவர் வேண்டாம் என்றதை எடுக்காதீர்கள். களரி தொடங்குமுன் நோட்டீஸைப் போனுக்கு முன்னால் ஒரு நிமிடம் பிடியுங்கள். கட்டியங்காரனிடம் சொன்னால் செட்டு ஆட்களின் பெயரை மைக்கிலும் சொல்லிவிடுவான். விடிந்ததும் தூங்கப் போகுமுன், ஊர், தேதி, கதை, ஆட்களின் பெயர் அத்தனையும் வீடியோவுக்குக் கீழே தமிழில் தட்டச்சு செய்யுங்கள். ஒரு பிரதியை ஹார்டு டிஸ்க்கில் போட்டு ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ கிளை நூலகத்திலோ கொடுத்துவையுங்கள். நோட்டீஸ் கிழிந்துபோய்விட்டால் அச்சகத்தில் கேளுங்கள், கம்ப்யூட்டரில் வைத்திருப்பார்கள்.