நாகலாபுரத்து மாடிகளில் ஏறிப் பார்த்தபோது

கோவில்பட்டியில் இருந்து எட்டயபுரம் பதினைந்து கிலோமீட்டர். அங்கிருந்து விளாத்திகுளம் போய் வடக்கே திரும்பினால் நாகலாபுரம். பங்குனி மாசம். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. உளுந்தும் பாசியும் எடுத்த காடு வெறும் கட்டியாக இருக்க, மிளகாய் நிற்கிற இடத்தில் மட்டும் ஆள் நடமாட்டம். காற்றாலைகள் அசையாமல் நின்றன. தூரத்தில் சீமைக்கருவேல மூட்டத்தில் இருந்து புகை படுத்த வாக்கில் போய்க்கொண்டிருந்தது. இந்தப் புகையும் புழுதியும்தான் சோலார் பேனல் மேல் வந்து உட்காரப் போகிறது என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

அத்தை வீட்டு மாடியில் சோலார் போட வேண்டும். ஆட்கள் வந்து கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். "எவன் நல்லவன்னு நீ பாத்துச் சொல்லுய்யா" என்று தாள்களை என் கையில் வைத்தார். 3 கிலோவாட்டுக்கு ஒருவர் 1,80,000 ரூபாய், இன்னொருவர் 2,10,000. மூன்றாமவர் 2,25,000 எழுதிவிட்டு "விலை பேசலாம்" என்று பேனாவால் குறித்திருந்தார். ஒரு தாளில் பேனல் கம்பெனி பேரே இல்லை. "அரசு அங்கீகாரம் பெற்ற தரமான பேனல்" என்று மட்டும் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பேனலுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். அந்தத் தாளில் இன்னும் பழைய 12 சதவீதம்.

"கரண்ட் பில் அட்டையைக் கேட்டாங்களா அத்தை?" என்றேன். மூன்றாமவர் மட்டும்தான் கேட்டாராம். அட்டையை எடுத்துப் பார்த்தேன். இரண்டு மாசத்துக்கு 380 முதல் 460 யூனிட் வரை போகிறது. அதில் முதல் 100 யூனிட் அரசே இலவசமாகக் கொடுக்கிறது. நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் இரண்டு மாசத்துக்கு 480. அத்தைக்கு அதுவே தாராளம். அப்புறம் எல்லாரும் ஏன் 3 கிலோவாட் எழுதுகிறார்கள்? 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியம், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. அதற்கு மேல் எத்தனை போட்டாலும் 78,000-தான் உச்சம். அந்த 78,000 என்கிற எண்ணைக் காட்டித்தான் ஊர் ஊராக விற்கிறார்கள். ஏசி வாங்குகிற யோசனை இருந்தால் 3 சரி. அத்தை வீட்டில் இரண்டு ஃபேன், ஃபிரிட்ஜ், கிரைண்டர், தண்ணீர் மோட்டார். அவ்வளவுதான்.

தாளை மடித்து வைத்துவிட்டேன். ஆளை எடைபோட வேண்டுமானால் அவர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாட்டிய மாடியில் ஏற வேண்டும். "நீங்க போட்ட வீடு பக்கத்துல எது?" என்று ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். ஒருவர் யோசிக்காமல் சொன்னார். ஒருவர் போட்டோ அனுப்புகிறேன் என்றார். போட்டோ வேண்டாம், வீடு சொல்லுங்க என்று விடாமல் கேட்டு வாங்கினேன்.

முதலில் 1,80,000 ரூபாய்க்காரர் மாட்டிய வீடு. ரிட்டையர்டு வாத்தியார். "சூப்பரா ஓடுது தம்பி, ஒரு குறையும் இல்ல" என்று வாசலிலேயே சொன்னார். மாடிக்குப் போனால் பேனல் மேல் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிவு. போர் தண்ணீரை ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்து நிலத்தடித் தண்ணீர் நாக்கில் வைத்தாலே கரிக்கும். அது கண்ணாடியில் காய்ந்தால் துணியால் தேய்த்தும் போகாது. நான் விரலால் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. மயில் எச்சம் வேறு. கிழக்கே கமுதியில் 2016-ல் 648 மெகாவாட்டில் பெரிய சோலார் பூங்கா வந்ததே, அங்கே பேனலைத் துடைக்க ரோபோ வைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரருக்கு யாரும் எந்தத் தண்ணீரில் கழுவணும் என்றுகூடச் சொல்லவில்லை.

குனிந்து அடிப்பக்கம் பார்த்தேன். ஸ்டிரக்சரில் வெல்டு வைத்த இடமெல்லாம் துரு. மாட்டுகிறபோது கம்பியை அறுத்து வெல்டு வைத்து, மேலே வெள்ளிப் பெயிண்ட் பூசியிருக்கிறார்கள். துத்தநாகத்தில் முக்கி எடுத்த கம்பியாக இருந்தாலும் அறுத்த இடத்தில் அந்தப் பூச்சு போய்விடும். பேனலில் இருந்து வரும் ஒயர் குழாய்க்குள் போகாமல் தளத்தில் கிடந்தது. மேற்கே தண்ணீர்த் தொட்டி. மூன்றரை மணிக்கே அதன் நிழல் கடைசிப் பேனலில் ஏற ஆரம்பித்துவிட்டது. ஒரு பேனலில் நிழல் விழுந்தால் அதே வரிசையில் இருக்கிற மற்றதும் சேர்ந்து இழுபடும். தொட்டிக்கு நாலடி கிழக்கே தள்ளியிருந்தால் தப்பித்திருக்கும், இடமும் இருந்தது.

கீழே இறங்கி எர்த் குழியைத் தேடினேன். பேனல் பக்கத்துக்கு ஒன்று, வீட்டுக் கரண்ட் பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என்று மூன்று குழி தனித்தனியாக இருக்க வேண்டும். இங்கே மூன்று ஒயரும் சேர்ந்து ஒரே கம்பியில் முறுக்கியிருந்தது. கரிசல் மண் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். கம்பியைச் சுற்றி மண் விலகி, என் சுண்டுவிரல் உள்ளே போகிற அளவுக்கு வெடிப்பு. மண்ணைத் தொடாத கம்பி எப்படி எர்த் ஆகும்? செம்மண் ஊரில் இருந்து வருகிற ஆளுக்கு இது தெரியாமல் இருக்கலாம். கரிசலில் வேலை செய்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. திரையில் பொத்தானை அமுக்கி அமுக்கிப் போனால் இதுவரை உற்பத்தியான மொத்தம் வரும்: 5,210 யூனிட். நெட் மீட்டர் வைத்தது 2024 ஜூலை என்று வாத்தியாரின் தாளில் இருந்தது. ஏறக்குறைய 600 நாள். 3 கிலோவாட்டுக்கு நாள் ஒன்றுக்கு 12 என்று வைத்தால் 7,200 வந்திருக்க வேண்டும். தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பப் பெருக்கிப் பார்த்தார். "பில்லு கம்மியா வருதேன்னு இருந்துட்டேன்" என்றார்.

இன்னொன்றும் பார்க்க வேண்டியிருந்தது. "கரண்ட் போனாலும் பகல்ல வீட்ல எல்லாம் ஓடும்" என்று அத்தையிடம் ஒருவர் சொல்லியிருந்தார். வாத்தியாரிடம் அனுமதி கேட்டு மெயின் சுவிட்சை இறக்கினேன். வெயில் இன்னும் இறங்காத நேரம், மேலே ஆறு பேனல். ஃபேன் நின்றது, இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு போய்ச் சிவப்பு வந்தது. சுவிட்சை ஏற்றிய பிறகும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டுதான் மறுபடி ஓட ஆரம்பித்தது. பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் அமைப்பு இப்படித்தான். கம்பத்தில் லைன்மேன் வேலை செய்கிறபோது வீட்டில் இருந்து கரண்ட் ஏறி அவரை அடித்துவிடக் கூடாது என்பதற்காக அது தானே நின்றுவிடும். நல்ல ஏற்பாடு. கரண்ட் போனாலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு ஹைபிரிட் போட வேண்டும், செலவு ஏறும். அதைச் சொல்லாமல் விற்கிறவர் வேறு எதையும் மறைப்பார்.

2,10,000 ரூபாய்க்காரர் மாட்டிய வீடு பூட்டிக் கிடந்தது. சுவருக்கு வெளியே நின்று பார்த்தவரைக்கும் ஸ்டிரக்சர் நேராக இருந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்ததில் மாட்டிவிட்டுப் போன ஆள் அப்புறம் வரவே இல்லை என்றார்கள். உள்ளே போய்ப் பார்க்காததால் அந்தத் தாளை ஓரமாக வைத்தேன்.

மூன்றாமவர் மாட்டியது வத்தல் வியாபாரி அண்ணாச்சி வீட்டில். பஸ் ஸ்டாப்பில் இருந்து நடந்து போகிற தூரம். ஏணிப்படியில் ஏறும்போதே மிளகாய் நெடி. தளத்தில் பாதிக்குச் சம்பா வத்தல் சிவப்பாகப் பரப்பியிருந்தது, வடக்கு ஓரத்தில் பேனல். "எங்க வத்தல் காயப்போடுவீங்க, எங்க நிழல் விழக் கூடாதுன்னு அந்தப் பையன் முதல்ல அதைத்தான் கேட்டான்" என்றார் அண்ணாச்சி. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வந்து வேப்பமரத்து நிழல் எதுவரை வருகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் போனாராம். கோடு இப்போது அழிந்துவிட்டது. ஆனால் நான் பார்த்தபோது வேப்ப நிழல் பேனலுக்கு மூன்றடி முன்னால் நின்றது.

பேனல்கள் தெற்கே பார்த்து லேசாகச் சாய்ந்திருந்தன. நம்ம அட்சரேகைக்குப் பத்து டிகிரி போதும். தளத்தில் துளை போடவில்லை. சிமெண்ட் கட்டை வார்த்து அதன்மேல் கால் ஊன்றியிருந்தது. கரிசல் வீடுகளில் சுவர் தானாகவே விரிசல் விடும், தளத்தில் ஓட்டையும் போட்டால் ஐப்பசி மழையில் ஒழுகும். ஆடிக் காற்றுக்கு இந்தக் கட்டையின் எடைதான் பேனலைப் பிடித்து வைக்கிறது. போல்ட் எல்லாம் துரு ஏறாத ஸ்டீல். ஒவ்வொரு நட்டின் மேலும் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு, போல்ட்டில் இருந்து கம்பிவரை நீட்டி இழுத்தது. நட்டு தளர்ந்தால் கோடு விலகிவிடும், பார்த்ததுமே தெரியும். ஒரு கோடும் விலகவில்லை. இன்வெர்ட்டரில் மொத்தம் 6,900 யூனிட். ஓடி 580 நாள் ஆகிறது. பக்கத்தில் 20 லிட்டர் குடிநீர் கேன். "35 ரூபா கேன் தண்ணிதான் பேனலுக்கு. மாசத்துக்கு ஒண்ணு, விடியக்காலைல கழுவிருவோம்" என்றார் அண்ணாச்சியின் மருமகள்.

அந்த மூன்றாமவர் அன்றைக்குப் பக்கத்துத் தெருவில் வேலையில் இருப்பதாகத் தெரிந்ததும் அங்கேயே போனேன். முப்பது வயசுக்குள்தான் இருக்கும். எட்டடி ஆழத்துக்குக் குழி எடுத்து, கம்பியை நிறுத்தி, சுற்றிலும் பெண்டோனைட் களியைக் குழைத்து ஊற்றிக்கொண்டிருந்தார். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், கரிசல் சுருங்கினாலும் கம்பியை விடாது. ஊற்றி முடித்ததும் எர்த் டெஸ்டரை மாட்டி வீட்டுக்காரரைக் கூப்பிட்டு முள்ளைக் காட்டினார். 3 ஓமுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. அந்த எண்ணைத் தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பேனலைப் பின்பக்கம் திருப்பி ஸ்டிக்கரைக் காட்டச் சொன்னேன். 545 வாட், சீரியல் நம்பர், இந்தியாவில் செய்த செல் என்பதற்கான டிசிஆர் சான்று. மானியம் கிடைக்க இது கட்டாயம். வெளிநாட்டுச் செல் வைத்த பேனல் விலை குறைவு, ஆனால் மானியம் நின்றுவிடும்.

"பெரியம்மாவுக்கு ரெண்டு கிலோவாட் போதும்னு நான் சொன்னேன். அவங்கதான் மத்தவங்க மூணு எழுதியிருக்காங்கன்னு மூணுக்கே கேட்டாங்க" என்றார். 2 கிலோவாட்டுக்கு என்ன ஆகும்? நாலு பேனல், 1,48,000. மானியம் 60,000 அத்தையின் வங்கிக் கணக்குக்கே வரும், இவர் கைக்கு வராது. அஞ்சு வருஷப் பராமரிப்பு இந்தத் திட்டத்தில் மாட்டுகிறவரின் பொறுப்பு, அதற்குத் தனிக் காசு இல்லை. 12 சதவீத ஜிஎஸ்டி எழுதியிருந்த தாள் இவருடையது இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் ஈ.பி. ஆபீஸுக்கும் ஒரு எட்டுப் போய் வந்தேன். 10 கிலோவாட் வரைக்கும் சாத்தியக்கூறு ஆய்வு என்று காத்திருக்க வேண்டியதில்லை, விண்ணப்பம் போட்டால் போதும். ஆனால் இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர் பேரில்தான் விண்ணப்பம் போட முடியும். அத்தை வீட்டு இணைப்பு இன்னும் மாமா பேரில். மாமா தவறி ஆறு வருஷம் ஆகிறது. கொட்டேஷன் கொடுத்த ஒருவரும் இதைக் கேட்கவில்லை, இந்தப் பையன் உட்பட. போன் போட்டுச் சொன்னதும் "ஆமாண்ணே, அதை நான் முதல்லயே கேட்டிருக்கணும்" என்றார். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது மூன்றையும் அத்தையின் தகரப் பெட்டியில் இருந்து எடுத்து, பெயர் மாற்றத்துக்குக் கொடுத்தோம்.

சாயங்காலம் பையன் வீட்டுக்கு வந்தார். 2 கிலோவாட்டுக்குப் புதுத் தாள் எழுதினார். பேனல் கம்பெனி, மாடல், இன்வெர்ட்டர் கம்பெனி, மூன்று எர்த் குழி, எல்லாம் வரி வரியாக. பணம் மூன்று தவணை: சாமான் இறங்கும்போது பாதி, மாட்டி முடித்ததும் கொஞ்சம், மீதி 20,000 நெட் மீட்டர் வைத்து ஓடிய பிறகு. அத்தை தாளை வாங்கி மெதுவாகப் படித்துவிட்டு, "ஆடிக் காத்து முடிஞ்சதும் ஒரு தடவை வந்து போல்ட்டப் பாத்துட்டுப் போகணும், அதையும் எழுது" என்றார். எழுதினார். "வருஷா வருஷம்னு போடு" என்றார் அத்தை. அதையும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்.