இடாப்பில் இருந்தவர்கள்

2006ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு காலை, ஒன்பது பையன்களை மீன் ஏற்றும் லொறியொன்றின் பின்னால் ஏற்றிக்கொண்டு கற்பிட்டிக் குடாநாட்டிலிருந்து புத்தளத்துக்குப் போனேன். வலய மட்ட உதைபந்தாட்டப் போட்டி. பதினேழு வயதுக்குட்பட்ட பிரிவு. நான் விளையாட்டு ஆசிரியனல்லன். கணிதம் படிப்பிப்பவன். எங்கள் பாடசாலையில் விளையாட்டுக்கென்று ஆசிரியர் இருக்கவில்லை. அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பதினொரு பேர் வரவேண்டும். இருவர் வரவில்லை. பின்வரிசையில் ஆடும் அண்ணனும் தம்பியும். முதல் நாள் இரவே அவர்களின் உம்மா வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். "ஸேர், கோவிச்சிக்காதீங்க. அவங்கட வாப்பாக்கு முதுகு ஏலாம இருக்கு. மாமாவோட பத்தலங்குண்டுக்குப் போறாங்க. இப்ப போகாட்டி இந்த மீன் கெடைக்காது." கச்சான் காற்று தொடங்குமுன் கடல் அடங்கிக் கிடக்கும் மாதங்கள் அவை. தீவில் வாடி போட்டுத் தொழில் செய்பவர்களுக்கு ஆண்டின் சோறு அந்த மாதங்களில்தான். நான் என்ன சொல்ல? அல்லாஹ் பரக்கத் செய்யட்டும் என்று அனுப்பிவைத்தேன்.

உதைபந்தாட்ட விதிப்படி ஓர் அணியில் ஏழு பேர் இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கலாம். ஆகவே ஒன்பது பேருடன் ஆடினோம். எதிரணிப் பாடசாலையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். மாற்று வீரர்கள் மட்டும் ஏழெட்டுப் பேர் ஒரே நிறச் சீருடையில் வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். இடைவேளையில் இரண்டுக்குப் பூச்சியம். முடிவில் ஏழுக்குப் பூச்சியம். எங்கள் கோல் காப்பாளன் அன்று பாய்ந்து பிடித்த பந்துகளுக்குக் கணக்கில்லை. ஆனால் கணக்கில் வந்தவை அவன் பிடிக்காத ஏழும்தான்.

திரும்பி வரும்போது பாலாவியில் லொறியை நிறுத்தி பிளேன்டீயும் பணிசும் வாங்கிக் கொடுத்தேன். அஸரைத் தொழுதுவிட்டு ஏறினோம். நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. நுரைச்சோலை தாண்டியபோது கோல் காப்பாளன் கேட்டான்:

"ஸேர், அவங்கட ஸ்கூல்ல எத்தின பேர்?"

சொன்னேன்.

"நம்மட ஸ்கூல்ல?"

"முந்நூற்றிப் பன்னிரண்டு."

"அப்ப சின்ன ஸ்கூலுக்கெல்லாம் வேற போட்டி வைக்க ஏலாதா, ஸேர்?"

அந்தக் கேள்விக்கு இன்றுவரை முழுமையான பதில் என்னிடம் இல்லை. எனினும் அதை நினைக்கும்போதெல்லாம், அன்று அவனுக்கு நான் சொன்ன எண்ணிக்கையே முதலில் என்னைக் குத்துகிறது. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நமது நாட்டில் பாடசாலைகளை வகைப்படுத்தாமல் எதுவும் நடப்பதில்லை. உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளது 1ஏபி. விஞ்ஞானம் இல்லாமல் கலை, வர்த்தகம் மட்டும் உள்ளது 1சி. தரம் 11 உடன் முடிவது வகை 2. சிறு பிள்ளைகளுக்கானது வகை 3. இதற்கு மேல் தேசிய பாடசாலை, மாகாணப் பாடசாலை என்ற பிரிவு வேறு. ஆசிரியர், ஆய்வுகூடம், கட்டடம் எல்லாம் இந்த வகைகளையும் மாணவர் தொகையையும் பார்த்தே வரும். ஆனால் கல்வி அமைச்சின் விளையாட்டுப் போட்டிகளில், வலயத்திலிருந்து மாகாணம், மாகாணத்திலிருந்து தேசியம் என்று ஏறிப் போகும் படிகளில், பிள்ளையின் வயதை மட்டும்தான் கேட்பார்கள். பாடசாலையின் பருமனைக் கேட்பதில்லை. கிரிக்கெட்டிலும் ரக்பியிலும் பிரிவுகள் இருக்கின்றன என்பது உண்மை. அவை திறமையைப் பார்த்துப் பிரித்தவை. பிள்ளைகளை எண்ணிப் பிரித்தவை அல்ல.

மறுநாள் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். எங்கள் இடாப்பில் அந்த வயதுக்குரிய ஆண் பிள்ளைகள் 38 பேர். அங்கே 420 பேர் என்று வைத்துக்கொள்வோம். 420ஐப் பதினொன்றால் வகுத்தால் 38 வருகிறது. அதாவது எங்கள் முழு அணியையும் தெரிவதற்கு எனக்கு இருக்கும் அதே 38 பேர், அங்கே ஒரேயோர் ஆட்டக்காரனைத் தெரிவதற்கு இருக்கிறார்கள். பையன்களுக்கு வகுத்தல் கணக்கு அன்று விளங்கியதுபோல் என்றும் விளங்கியதில்லை.

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. வகை 2 பாடசாலையில் தரம் 12 இல்லை. எனவே சாதாரண தரம் முடிந்ததும் நல்ல ஆட்டக்காரன் எவனும் பெரிய பாடசாலைக்குத்தான் போகவேண்டும். ஆறாண்டு நாம் வளர்த்த காலை, ஏழாம் ஆண்டு நமக்கெதிராகவே உதைக்கும். அவனைக் குறை சொல்ல முடியாது. படிப்புக்காகப் போகிறான். கொழும்பு ஸாஹிராவும் ஹமீத் அல் ஹுசைனியும் உதைபந்தாட்டத்தில் எடுத்த பெயர் நமது சமூகத்துக்கே பெருமை. ஆனால் அப்படியொரு பெயரை ஒரு கரையோரத்துச் சின்னப் பாடசாலை எடுப்பதற்கு வழியே அடைபட்டிருக்கிறது.

இந்த வழக்கைத் தீர்க்க முயன்றவர்கள் உலகத்தில் இருக்கிறார்களா என்று பிற்காலத்தில் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் இது பெரிய விவகாரம். அங்கே 'ஃபுட்போல்' என்பது பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் வேறொரு ஆட்டம். டெக்ஸாஸ் மாநிலத்தில் உயர்நிலைப் பாடசாலைகளை மாணவர் தொகையின்படி ஆறு வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை மறுபடியும் எண்ணுகிறார்கள். ஒக்டோபர் மாதத்தில் ஒரு நாளைக் குறித்து அன்றைய தொகையை எடுக்கிறார்கள். மிகச் சிறிய பாடசாலைகள் பதினொரு பேருக்குப் பதிலாக ஆறு பேருடனும் ஆடுகின்றன. அந்த ஆறு பேர் ஆட்டத்தை 1934இல் நெப்ராஸ்காவில் ஓர் ஆசிரியர், ஸ்டீபன் எப்ளர் என்பவர், வகுத்தாராம். பதினொருவர் சேராத ஊர்களுக்காகவே அதை வகுத்தார் என்று படித்தபோது, எங்கள் மீன் லொறிதான் ஞாபகம் வந்தது.

ஆனால் எண்ணிப் பிரித்தால் வழக்கு முடிந்துவிடுகிறதா? இல்லை. 499 பேர் ஒரு வகுப்பு, 500 பேர் மேல் வகுப்பு என்றால் அந்த ஒரு பிள்ளை செய்த குற்றம் என்ன? ஊர் எல்லை இல்லாமல் எங்கிருந்தும் பிள்ளைகளைச் சேர்க்கக்கூடிய பாடசாலையும், தன் ஊர்ப் பிள்ளைகளை மட்டுமே சேர்க்கும் பாடசாலையும் ஒரே தொகை என்பதால் சமமாகிவிடுமா? இலினோய் மாநிலத்தில் 2005 முதல், அப்படி எங்கிருந்தும் சேர்க்கும் பாடசாலைகளின் தொகையை 1.65ஆல் பெருக்கத் தொடங்கினார்கள். நூறு பேர் அங்கே 165 பேர். இந்தியானாவில் 2012இல், தொடர்ந்து வெல்லும் பாடசாலையை மேல் வகுப்புக்கு ஏற்றும் விதியொன்றைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு தராசுக்கும் ஒரு கோணல். ஒவ்வொரு கோணலுக்கும் ஒரு புதுப் படிக்கல்.

அதே இந்தியானாவில் 1954இல் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். அன்று அங்கே கூடைப்பந்தாட்டத்தில் வகுப்புகள் இல்லை. எல்லோருக்கும் ஒரே போட்டி. 161 மாணவர்கள் மட்டுமே இருந்த மைலன் என்ற சிற்றூர்ப் பாடசாலை, அதைப்போல் பல மடங்கு பெரிய மன்சி சென்ட்ரலை இறுதிப் போட்டியில் 32-30 என்று வென்று மாநிலக் கிண்ணத்தைத் தூக்கியது. அந்தக் கதையைத் தழுவி 1986இல் திரைப்படமும் வந்தது. பின்னர் 1997இல் அங்கேயும் வகுப்புகளாகப் பிரித்தார்கள். இனி ஒரு மைலன் வரமுடியாதே என்று வருந்தியவர்கள் அங்கே பலர்.

எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் இந்தக் கதையைச் சொன்னேன். முன்பு ஊர்க் கழகத்துக்கு ஆடிய ஒரு ஹாஜியார் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஸேர், பிரிச்சிட்டா நம்மட புள்ளைகள் கிண்ணம் எடுப்பாங்க, சரி. ஆனா அது சின்னவங்கட கிண்ணம்ன்டு ஊரே சொல்லும். ஒருக்காலாவது பெரிய ஸ்கூல மடக்கோணும்ன்ட ஆசை போயிரும்." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் ஆசை இருக்கட்டும் என்பதற்காக ஆண்டுதோறும் ஒன்பது பேரை ஏழு கோல் வாங்க அனுப்புவதா? மைலனின் ஒரு வெற்றியைச் சொல்பவர்கள், அதே ஆண்டுகளில் தோற்றுத் திரும்பிய நூறு சிற்றூர்களைச் சொல்வதில்லை.

இவ்விடத்தில் புத்தளத்தார் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 மாவட்டங்களின் சனத்தொகைக்கு, 5 கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று ஒரு முறை வந்தது. அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் புத்தளமும் ஒன்று. நம் பிள்ளைகள் பலர் அந்த வழியால்தான் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் ஆனார்கள். அதை யாரும் சின்னவர்களின் பட்டம் என்று சொல்வதில்லை. அதே வேளை, 1970களில் தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் வந்தபோது யாழ்ப்பாணத்து மாணவர்கள் எவ்வளவு நொந்தார்கள் என்பதும் நமக்குத் தெரியும். ஒருவனுக்குக் கதவு திறக்கும் அளவுகோல் இன்னொருவனின் முகத்தில் கதவைச் சாத்தவும் கூடும். அதனால்தான் அளப்பவனின் கை சுத்தமாக இருக்கவேண்டும்.

என் கை சுத்தமாக இருக்கவில்லை. முன்னால் சொல்கிறேன் என்றது இதைத்தான்.

கோல் காப்பாளனுக்கு நான் சொன்ன 312 பொய். இடாப்பில் 312 இருந்தது. பாடசாலைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் 270ஐத் தாண்டமாட்டார்கள். கரும்பலகையில் நான் எழுதிய 38 பேரில் 14 பேர் மாதக் கணக்கில் வகுப்பைக் கண்டதில்லை. சிலர் கடலில், சிலர் வெங்காயத் தோட்டத்தில். அன்றைய கட்டாயக் கல்வி விதி 14 வயது வரைக்கும்தான். 2016இல்தான் அது 16 ஆனது. ஆகவே சட்டமும் அவர்களைத் தேடவில்லை. நாங்களும் தேடவில்லை. பெயரை மட்டும் வெட்டாமல் வைத்திருந்தோம். ஏன்? மாணவர் தொகை குறைந்தால் ஆசிரியர் தொகை குறையும். இருக்கிற விஞ்ஞான ஆசிரியரும் இடமாற்றமாகிப் போய்விடுவார். வருகிற பிள்ளைகளுக்காக வராத பிள்ளைகளை இடாப்பில் வைத்திருந்தோம். இதை நாங்கள் பொய்யென்று எண்ணவில்லை. பாடசாலையைக் காப்பாற்றுவதாகவே எண்ணினோம்.

பந்தை வைத்து யோசித்தபோதுதான் அது உறைத்தது. அந்தப் பையன் கேட்டபடி தொகை பார்த்துப் பிரிக்கும் போட்டி நாளைக்கே வந்திருந்தால், முந்நூறுக்குக் கீழே ஒரு பிரிவு, மேலே ஒரு பிரிவு என்று வைத்திருந்தால், எங்கள் பிள்ளைகளை மேல் பிரிவில் தள்ளியிருப்பது கல்வித் திணைக்களமல்ல, என் பேனா. கடலுக்குப் போன அண்ணனும் தம்பியும் இடாப்பில் எதிரணிக்காக ஆடியிருப்பார்கள்.

அளவையில் மோசம் செய்பவர்களைப் பற்றி குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. 83ஆவது. ஜும்ஆவில் அதைப்பற்றிய பயானைக் கேட்கும்போதெல்லாம் கடைக்காரர்களை நினைத்துக்கொள்வேன். அந்த ஆண்டிலிருந்து இடாப்பை நினைக்கத் தொடங்கினேன்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் இந்த மாவட்டத்துக்கே வந்தார்கள். கிடுகுக் கொட்டில்களில் வகுப்புகள் நடந்த அந்தக் காலத்தில், இங்கே உள்ள பிள்ளை யார், அங்கே உள்ள பிள்ளை யார் என்று எண்ணுவதே ஓர் அரசியலாக இருந்தது. 2009க்குப் பின் மீள்குடியேற்றம் என்று வந்தபோதும் எத்தனையோ குடும்பங்களின் பெயர் ஓரிடத்தில், பிள்ளைகள் ஓரிடத்தில். எண்ணப்படாமல் போனதன் வலி தெரிந்த சமூகம் நாம். பொய்யாக எண்ணப்படுவதும் ஒருவகையில் எண்ணப்படாமல் போவதுதான் என்பதை நான் தாமதமாகத்தான் விளங்கிக்கொண்டேன். இடாப்பில் பெயர் இருந்ததால்தான் அந்த 14 பேரைத் தேடி யாரும் வீட்டுப் படி ஏறவில்லை.

பிரிக்கவேண்டுமா என்று இன்று யாராவது கேட்டால், பிரிக்கவேண்டும் என்றே சொல்வேன். தரம் 13 வரை உள்ள பாடசாலையையும் தரம் 11 உடன் முடிவதையும் முதற் சுற்றிலேயே மோதவிடக் கூடாது. பதினொருவர் சேராத ஊர்களுக்கு எழுவர் ஆட்டம் வைக்கலாம். சின்னப் பிரிவில் வென்ற அணி பெரியவர்களோடும் ஒருமுறை ஆடட்டும். ஹாஜியாரின் ஆசையும் வீணாகாது. ஆனால் எண்ணுவதென்றால் இடாப்பை எண்ணக்கூடாது. காலையில் வரிசையில் நிற்பவர்களை எண்ணவேண்டும். நிற்காதவர்கள் எங்கே என்று அன்றே கேட்கவேண்டும்.

ஓய்வு பெறுவதற்கு முந்திய சில ஆண்டுகள் அதைச் செய்தேன். பெயர்களை வெட்டுவதற்கு முன் வீடுகளுக்குப் போனேன். 14 பேரின் காலம் கடந்துவிட்டிருந்தது. அவர்களுக்குப் பின் வந்தவர்களில் ஐந்தாறு பேர் திரும்பி வந்தார்கள். தொகை குறைந்தது. விஞ்ஞான ஆசிரியர் இடமாற்றமாகிப் போனார். அதற்காக என்னை ஏசிய பெற்றோரும் உண்டு. நான் செய்தது சரியா என்று இன்னும் இரவில் யோசிப்பதுண்டு.

போன வருடம் கற்பிட்டி மீன் சந்தையில் ஒருவர் என் கையைப் பிடித்து ஸலாம் சொன்னார். பழைய கோல் காப்பாளன். இப்போது சொந்தப் படகு. மகன் அதே பாடசாலையில் தரம் 8. அவனும் கோல்தானாம்.

"ஸேர், இப்ப நம்மட ஸ்கூல்ல எத்தின பேர்?"

"எனக்குச் சரியாத் தெரியாது, வாப்பா. நாளைக்குக் காலையில போய் எண்ணிப் பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.