தூண்டில் போட ஃப்ளோரிடா போலாமா?

மயாமியில இருந்து கார்ல கிளம்பினா ரெண்டு மணி நேரப் பயணம். வழியெல்லாம் கரும்புக் காடு. கிளூயிஸ்டன்னு ஒரு குட்டி ஊர் வரும். சர்க்கரை ஆலை ஊர் என்பதால் 'அமெரிக்காவின் இனிப்பான ஊர்'னு பட்டப்பேரே உண்டு. காரை விட்டு இறங்கி, 'இங்கதானே அந்தப் பெரிய ஏரி?'ன்னு சுத்திமுத்திப் பார்த்தா... ஏரியைக் காணோம்!

பதறாதீங்க பாஸ். எதிரே புல் முளைச்ச மண் கரை ஒண்ணு, மூணு மாடி உசரத்துக்கு நிக்குது பாருங்க. அதுமேல ஏறுங்க. மூச்சு வாங்குதா? இப்ப நிமிர்ந்து பாருங்க. எதிர்க்கரையே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தண்ணீர்!

இதுதான் ஒக்கீச்சோபி ஏரி. ஹிச்சிட்டி என்கிற பூர்வகுடி மொழியில் பேருக்கு அர்த்தமே 'பெரிய தண்ணி'. பரப்பளவு சுமார் 1,900 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி மாதிரி நாலை உள்ளே போட்டாலும் இடம் மிச்சம் இருக்கும். ஆனா ஆழம்? சராசரியா வெறும் 9 அடிதான். ஆள் பார்க்கத்தான் கடல், இறங்கினா குளம்!

இத்தனை பேர் இங்கே வண்டி கட்டிட்டு வர்றது ஒரே ஒரு மீனுக்காக. அந்த மீனோட பேரே 'பாஸ்'தான் பாஸ்!

பாஸ்னா யாரு?

நம்ம ஊர் விரால் தெரியும்ல? அதே குணம். செடி மறைவில் பதுங்கி நின்னு, தவளையோ குட்டி மீனோ கிட்ட வந்தா 'லபக்'. வாய் மட்டும் முகத்தில் பாதி இருக்கும். ஃப்ளோரிடாவில் இருப்பது தனி இனம் என்று 2022-ல் மரபணு ஆய்வு சொல்லிவிட்டது. குளிரைத் தாங்காது, ஆனா நல்லா வளரும்.

எவ்வளவு வளரும்? பாஸ் மீனில் உலக சாதனை 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 10 கிலோ. 1932-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது. 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்தது அதைவிட ஒரு அவுன்ஸுக்கும் குறைவாகத்தான் கூடுதல். பழைய சாதனையை முறியடிக்க ரெண்டு அவுன்ஸாவது கூட இருக்கணும் என்பது ரூல். அதனால ரெண்டு பேருக்கும் சம பங்கு. அரை மார்க்ல ரேங்க் போன கதைதான்!

இன்னொரு விஷயம் கேட்டா உங்களுக்குப் பொறாமை வரும். அமெரிக்கக் காலேஜ்களில் கிரிக்கெட் டீம் மாதிரி பாஸ் பிடிக்கிற டீம் உண்டு. ஆபர்ன் யுனிவர்சிட்டி டீமில் தூண்டில் போட்டுக்கிட்டிருந்த ஜோர்டன் லீ, 2017, 2018 ரெண்டு வருஷமும் 'பாஸ்மாஸ்டர் கிளாசிக்' போட்டியை ஜெயித்தார். ஒவ்வொரு தடவையும் பரிசு 3 லட்சம் டாலர். 'மீன் பிடிக்கப் போறியா, உருப்பட மாட்டே'னு திட்டுற அப்பாக்கள் கவனிக்கவும்.

சரி, எப்போ போகலாம்? இங்கே பனி கொட்டாது, ஏரி உறையாது. 'அப்ப எப்ப போனாலும் ஒண்ணுதானே'னு நினைச்சா நீங்க அவுட். சூடான ஊர் ஏரியில் சீசன் இல்லாமல் இல்லை. சின்ன எழுத்தில் எழுதியிருக்கும், உத்துப் படிக்கணும்.

டிசம்பர் டு ஏப்ரல்: கல்யாண சீசன்

தண்ணீர் சூடு 18 டிகிரி செல்சியஸைத் தாண்டினதும் பாஸ் கரையோரம் வரும். ஆண் மீன் வாலால பெருக்கித் தட்டு மாதிரி ஒரு பள்ளம் செய்யும். பெண் வந்து முட்டை போட்டுட்டுக் கிளம்பிடும். காவல் எல்லாம் அப்பா டியூட்டி! பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி வரத்து அதிகம் என்று வழிகாட்டிகள் காலண்டர் பார்த்துச் சொல்வார்கள்.

இந்த சீசனுக்கு ஒரு வில்லன் உண்டு. வடக்கே இருந்து வரும் குளிர்காற்று. ஏரி ஆழமில்லாததால் தண்ணீர் ஒரே ராத்திரியில் சில்லிட்டுப் போகும். மறுநாள் வானம் துடைச்சு வச்ச மாதிரி நீலமா இருக்கும். ஃபோட்டோவுக்கு சூப்பர், மீன் மட்டும் ஸ்டிரைக்! அடர்ந்த செடிக்குள்ள போய்ப் படுத்துக்கும். அப்போ நீங்களும் உள்ளே போகணும். 40 கிராம் குண்டு கட்டின பிளாஸ்டிக் புழுவை, மிதக்கும் செடிப் பாயை ஓட்டை போட்டு நேரா கீழே இறக்குங்க. முள்ளின் நுனியைப் புழுவுக்குள்ளேயே புதைச்சு வச்சா செடியில சிக்காது. இதுக்கு 'டெக்சாஸ் ரிக்'னு பேர். பொறுமை இல்லாதவங்க 'ஷைனர்' என்கிற உயிருள்ள கெண்டைக் குஞ்சைத் தூண்டிலில் மாட்டி விடுவாங்க. ரெண்டு மூணு நாள் வெயில் அடிச்சா ஸ்டிரைக் வாபஸ்.

மே: ரெஸ்ட் சீசன்

முட்டை போட்டு ஓய்ந்த மீன்கள் கரையோரத்தை விட்டு, கோரையும் புல்லும் முடிகிற வெளி விளிம்புக்கு நகரும். நீங்களும் படகை அந்த விளிம்பிலேயே ஓட்டணும். பசி எடுக்க ஆரம்பிச்சிருக்கும். கொஞ்சம் வேகமா இழுக்கிற இரைக்கும் வரும்.

ஜூன் டு செப்டம்பர்: வியர்வை சீசன்

தண்ணீர் 30 டிகிரி. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் கம்மி, மீனுக்கு மதியத் தூக்கம்தான். அதனால விடியறதுக்கு முன்னாடி படகுல இருக்கணும். (எக்ஸாம் அன்னிக்குக்கூட எந்திரிக்காத நேரம்!) அல்லி இலை மேல ரப்பர் தவளையைத் தத்தவிட்டு இழுங்க. தண்ணீர் வெடிச்ச மாதிரி ஒரு பாய்ச்சல் வரும். உடனே வெட்டி இழுக்காதீங்க. ஒரு நொடி விட்டு, மீன் எடை கையில தெரிஞ்சப்புறம் இழுக்கணும். பத்து மணிக்கு மேல மூட்டை கட்டுங்க. மதியம் இடி மின்னலோட மழை வரும். திறந்த ஏரியில உசரமான பொருள் நீங்களும் உங்க தூண்டில் கோலும்தான்.

அக்டோபர், நவம்பர்: வேட்டை சீசன்

சூடு இறங்கும். குட்டி மீன் கூட்டங்களை பாஸ் துரத்தும். தண்ணீர் மேல சலசலப்பு எங்கேன்னு கண்ணு தேடணும். மின்னுற தகடு கட்டின இரையை வேகமா இழுத்தாப் போதும்.

எல்லாம் புல்லுக்குள்ளே

நாலு சீசன் சொல்லியாச்சு. ஒரு விஷயம் கவனிச்சீங்களா? கோரை, புல், அல்லி, செடி... இது இல்லாம ஒரு சீசன்கூட இல்லை. அந்தப் புல் கதைக்குப் பின்னாடி ஒரு பெரிய சோகம் இருக்கு.

1928 செப்டம்பர் 16. புயல் இந்த ஏரியையே தெற்குப் பக்கமாத் தள்ளிவிட்டது. அப்போ இருந்த குட்டி மண் கரை உடைஞ்சு குறைஞ்சது 2,500 பேர் செத்துப்போனாங்க. பெரும்பாலும் வயல் வேலைக்கு வந்த கறுப்பினக் கூலித் தொழிலாளிகள். அதுக்கப்புறம் கட்டினதுதான் நீங்க ஏறி நிக்கிற இந்தக் கரை. 143 மைல் நீளம், ஏரியையே சுத்தி வளைச்சுக் கட்டினது. பலப்படுத்தும் வேலை 2023-லதான் முடிஞ்சது.

கரை ஊரைக் காப்பாத்துது. ஆனா ஏரியைத் தொட்டியா மாத்திடுச்சு. முன்னே தண்ணீர் கூடினா தெற்கே வழிஞ்சு ஓடும். இப்போ எவ்வளவு நிக்கணும்னு முடிவு பண்றது ராணுவப் பொறியாளர் படை. கரும்புக்குத் தண்ணி வேணும், ஊருக்குப் பாதுகாப்பு வேணும், கடலோர ஊர்களுக்கு அழுக்குத் தண்ணி வேண்டாம். இந்தப் பஞ்சாயத்துல மீன் கடைசி பெஞ்ச்.

தண்ணி நிறைய நின்னா மீனுக்கு நல்லதுதானேனு தோணும். அங்கதான் ட்விஸ்ட். உசரமா நின்னா வெளிச்சம் அடிக்கு எட்டாது. புல் மூழ்கிச் சாகும். 2004, 2005-ல் மூணு புயல் அடுத்தடுத்து அடிச்சு, சேறு கலங்கி, புல்வெளி அழிஞ்சது. மீன் குஞ்சுக்கு ஒளிய இடமில்லை. பாஸ் பிடிக்க வந்தவங்க வெறுங்கையோட திரும்பினாங்க.

அப்புறம் 2007-ல் கடும் வறட்சி. கடல் மட்டத்திலிருந்து 8.82 அடினு வரலாறு காணாத அளவுக்கு நீர்மட்டம் இறங்கிச்சு. படகுத் துறைகள் தரையில. ஏரி முடிஞ்சதுன்னு எல்லாரும் நினைச்ச நேரத்துல, வெயில் பட்ட படுகை காய்ஞ்சு இறுகிச்சு. இயந்திரம் வச்சுச் சேற்றை வழிச்சும் எடுத்தாங்க. மண்ணுக்குள்ள கிடந்த விதைகள் முளைச்சுது. தண்ணி திரும்பினப்போ புல் ரெடி, பின்னாடியே பாஸும் திரும்பிச்சு. வத்தினதாலதான் இந்த ஏரி பிழைச்சது!

போறதுக்கு முன்னாடி...

* 16 வயசு ஆயிட்டா லைசென்ஸ் கட்டாயம்.

* ஒரு நாளைக்கு அஞ்சு பாஸ்தான். அதில் 16 அங்குலத்துக்கு மேல ஒண்ணே ஒண்ணு. பெரிய மீன்கள் பெரும்பாலும் பெண்கள், அதான் இந்த ரூல்.

* பள்ளத்துல காவல் நிக்கிற அப்பா மீன் பசியில கடிக்காது, கோபத்துல கடிக்கும். அதை எடுத்துட்டா சின்ன மீன்கள் வந்து முட்டையை மேய்ஞ்சிடும். பிடிச்சாலும் உடனே அதே இடத்துல விட்டுடுங்க.

* 8 பவுண்டுக்கு மேல பிடிச்சு, எடையோட ஃபோட்டோ எடுத்து, உயிரோட விட்டா மாநில அரசின் 'ட்ரோஃபி கேட்ச்' திட்டத்தில் பரிசு உண்டு. 2012-ல ஆரம்பிச்சது.

* தண்ணியில கையைத் தொங்கவிட்டு செல்ஃபி வேண்டாம். இது முதலைகளோட வீடும்கூட!

பெரிய மீன் ஒண்ணு கிடைச்சா கையை நனைச்சுக்கிட்டு, தாங்கிப் பிடிச்சு, ஒரு ஃபோட்டோ. அப்புறம் மெல்ல தண்ணியில இறக்குங்க. வாலால உங்க முகத்துல ஒரு அடி தண்ணி அடிச்சுட்டு கோரைக்குள்ள போயிடும். அடுத்த டிசம்பர்ல நீங்க வந்தாலும் அது அங்கேயேதான் இருக்கும்... கோரை இருந்தா!