அச்சுக்கல்

எங்கள் குடும்பத்தில் சிறுவாச்சூர் வேலை எதுவானாலும் திங்கள் அல்லது வெள்ளியில்தான் வைப்போம். அந்த ஊர் மதுரகாளியம்மன் கோயில் நடை திறப்பது வாரத்தில் அந்த இரண்டு நாட்கள்தான். மற்ற நாட்களில் அவள் மலைமேல் செல்லியம்மனோடு இருக்கிறாள் என்பது ஊர் வழக்கு. அம்மாச்சி வீட்டை இடிக்கவும் ஒரு திங்கட்கிழமையே குறித்தார்கள்.

பெரம்பலூரில் இறங்கி, திருச்சி சாலையில் எட்டு கிலோமீட்டர் டவுன் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது ஓடு பிரித்திருந்தார்கள். ஜேசிபி வரவில்லை. சும்மா நிற்க மனமில்லாமல் வயதான கொத்தனார் ஒருவர் பின்சுவரைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார். செங்கல் ஒவ்வொன்றும் முழுசாகக் கழன்று வந்தது. ஒரு அங்குலக் கனம்கூட இருக்காது. பெரிய பிஸ்கட் மாதிரி. துடைத்துப் பார்த்தேன். ஒரு முகத்தில் உமி பதிந்த வரிகள், ஓரத்தில் யாரோ அழுத்திய பெருவிரல் தடம்.

"அச்சுக்கல்லும்மா. இப்ப இதை எவன் அறுக்கிறான்? சுண்ணாம்புல கட்டினதால கழண்டு வருது. சிமெண்டா இருந்தா கல்லு உடையும், பூச்சு உடையாது."

பக்கத்து அரியலூர் மண்ணுக்கடியில் கிடப்பது பழைய கடல். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக் கல்லைத் தோண்டித்தான் அங்கே சிமெண்ட் ஆலைகள் ஓடுகின்றன. அம்மாச்சி வீட்டுச் சுவரைப் பிடித்திருந்ததும் சுண்ணாம்புதான். ஒரே பொருள், ஒன்று கழற்ற விடுகிறது, இன்னொன்று விடமாட்டேன் என்கிறது. இதை யோசித்துக்கொண்டே ஒரு கல்லைத் துண்டில் சுற்றிப் பையில் போட்டேன்.

மத்தியானம் கோயில். அரிசியை அங்கேயே ஊறவைத்து, உரலில் இடித்து மாவிளக்குப் போடுவது இங்கே விசேஷம். உலக்கைச் சத்தம் நிற்பதே இல்லை. ஒரு அக்கா வெல்லம் கலந்த மாவை உருட்டி, நெய் நிற்க நடுவில் பெருவிரலால் குழித்தாள். பையிலிருந்த கல்லின் ஞாபகம் வந்தது.

மறுநாள் உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாக ஆரோவில். அங்கே அச்சுக்கல்லில் கட்டிய புது வீடு ஒன்று உண்டு. புது என்றால் 2000இல் முடிந்தது. அனுபமா குண்டூ தனக்காகக் கட்டிக்கொண்ட 'வால் ஹவுஸ்'. 1967இல் புனேயில் பிறந்து, மும்பை ஜே.ஜே. கல்லூரியில் கட்டடக்கலை படித்து, 1990இல் ஆரோவில் வந்து தொழில் தொடங்கியவர். சூளைக்காரர்கள் கைவிட்டுக்கொண்டிருந்த மெல்லிய கல்லைக் கேட்டு வாங்கிச் சுவர் எழுப்பினார். கூரைக்கு உள்ளூர்க் குயவர்கள் வனைந்த சுடுமண் குழல்களும் பானைகளும். 2012இல் வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் இந்த வீட்டை அதே அளவில் மறுபடி கட்டினார்கள். இந்தியக் கைவினைஞர்கள் போய் வெளிநாட்டு மாணவர்களோடு சேர்ந்து செய்த வேலை. நம் ஊரில் குப்பைக்குப் போகிற கல்லை வெனிஸில் நின்று பார்த்திருக்கிறார்கள்.

புதுச்சேரியில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு அவர் கட்டிய வீடுகள் இன்னும் விசித்திரம். சுடாத பச்சைக் கல்லை மண் சாந்தில் வைத்துக் குவிமாடம் கட்டி, உள்ளே வேக வேண்டிய கற்களை அடுக்கி, வீட்டையே சூளையாக்கிக் கொளுத்திவிடுவது. சில நாட்களில் வீடும் வெந்துவிடும், உள்ளே அடுக்கியதும் வெந்துவிடும். சூளைச் சுவர் வீணாகக் குடிக்கிற சூடு இங்கே வீட்டுக்குப் போகிறது. இந்த வித்தையை வளர்த்தவர் புதுச்சேரியில் மட்பாண்டக் கூடம் நடத்தும் ரே மீக்கர். அந்த வீடுகளில் ஜன்னல் கம்பிக்குப் பழைய சைக்கிள் சக்கரம். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

பஸ்ஸில் வரும்போது இன்னொருவரையும் நினைத்துக்கொண்டேன். வங்கதேசத்து மரீனா தபஸ்ஸும். டாக்காவில் அவர் பாட்டி கொடுத்த நிலத்தில், குவிமாடமும் மினாரும் இல்லாமல் செங்கலால் ஒரு பள்ளிவாசல் கட்டினார். 2012இல் முடிந்த பைத்துர் ரவூஃப். கூரையில் வட்ட வட்டமாகத் துளைகள். தொழுகிறவர் மேல் வெயில் காசு காசாக விழுகிறது. 2016இல் ஆகா கான் விருது. கருங்கல் அரிதான ஆற்றுமண் தேசம் அது. மண்ணைச் சுட்டால்தான் கட்டடம். அதே தபஸ்ஸும் பிறகு 'குதி பாரி' செய்தார், சின்ன வீடு என்று அர்த்தம். மூங்கிலும் இரும்பு இணைப்புகளும். ஆறு கரையைத் தின்றால் பிரித்து எடுத்துக்கொண்டு போய் வேறு திட்டில் நட்டுக்கொள்ளலாம். அதற்கும் 2025இல் அதே விருது. வீட்டைக் கட்டும்போதே பிரிப்பதையும் யோசித்த மனசு! எங்கள் கொத்தனாரும் அவரும் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தால் நிறையப் பேசுவார்கள்.

வால் ஹவுஸை வெளியிலிருந்துதான் பார்த்தேன். நீண்டு ஒடுங்கிய வீடு. வேலியோரம் நின்று பையிலிருந்த கல்லை எடுத்து, கண்ணுக்கு நேராகப் பிடித்து அந்தச் சுவரோடு ஒட்டிப் பார்த்தேன். நிறம் எங்களுடையது கொஞ்சம் கருப்பு. வரிசை சேர்ந்தது. சைக்கிளில் போன பையன் நின்று, "என்னக்கா, கல்லு விக்கிறீங்களா?" என்றான்.

ராத்திரி மாமா போன் பண்ணினார். "ஜேசிபிக்காரன் வந்து மிச்சத்தை அள்ளிட்டான். முழுக் கல்லு நானூறு தேறிச்சு. வித்துரலாம்னுதான் பார்த்தேன். கொல்லையில வெங்காயப் பட்டறைக்கு அடியில பரப்பிட்டேன், ஈரம் ஏறாது. நீ ஒண்ணு எடுத்துட்டுப் போயிட்டியாமே, ஒரு மூலை காலியா இருக்கு."