லெவர்குசனில் ஒரு கிராம் களிம்பு

ஜனவரிக் குளிர் எப்படி இருக்கும் என்பது கொலோன் ரயில் நிலையத்தில்தான் எனக்குப் புரிந்தது. மூக்கு முகத்தில்தான் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே எஸ் 6 ரயிலில் ஏறினேன். காலை எட்டு மணி, இன்னும் விடியவில்லை! ரைன் நதிப் பாலத்தின் கம்பி வேலி முழுக்கப் பூட்டுகள். காதலர்கள் பூட்டிவிட்டுச் சாவியை ஆற்றில் எறிந்துவிடுவார்களாம். எவ்வளவு இரும்பு!

லெவர்குசனில் இறங்கினால் இருட்டு வானத்தில் பேயர் கம்பெனியின் பெயர் சிலுவை வடிவில் எரிகிறது. 51 மீட்டர் விட்டம். படர்தாமரைக்கும் சேற்றுப்புண்ணுக்கும் நாம் தடவும் குளோட்ரிமசோல் இந்தக் கம்பெனியின் கண்டுபிடிப்புதான். 1973இல் 'கனெஸ்டன்' என்று கடைக்கு வந்தது. நடவு முடித்துக் கால்விரல் இடுக்கைச் சொறியும் எங்கள் தஞ்சாவூர்ப் பெண்களுக்கு இந்த ஊர்ப் பெயரே தெரியாது.

என் சித்தி மகளுக்கு அங்கே களிம்புகளில் மருந்தளவைச் சோதிக்கும் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் வேலை. உள்ளே போனதும் வெள்ளைக் கோட்டும் கண்ணாடியும் மாட்டிவிட்டாள். "அண்ணே, எதையும் தொடாதீங்க. தராசுப் பக்கம் மூச்சுகூட விடாதீங்க" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தத் தராசு கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறது. காற்றசைந்தால் எண் ஆடுகிறது. ஒரு சதவீதக் களிம்பு ஒரு கிராம் எடுத்தால் அதில் மருந்து 10 மில்லிகிராம். மிச்சமெல்லாம் மெழுகு, கொழுப்பு, தண்ணீர், கெடாமல் இருக்கப் பென்சைல் ஆல்கஹால்.

அளப்பதைவிட அந்த 10 மில்லிகிராமை மெழுகிடமிருந்து பிடுங்குவதுதான் பெரும்பாடு. மெத்தனால் ஊற்றி, வெந்நீர்த் தொட்டியில் வைத்து, களிம்பு உருகும்வரை குலுக்குகிறாள். மருந்து மெத்தனாலில் கரைந்துவிடும். பிறகு குடுவையைப் பனிக்கட்டிக்குள் செருகினாள். மார்கழியில் தேங்காயெண்ணெய் உறைவதுபோல மெழுகு வெள்ளையாகத் திரண்டது. 0.45 மைக்ரான் வடிகட்டியில் அழுத்தினால் தெளிந்த திரவம் சொட்டுகிறது. வாசல் முழுக்கப் பனி கிடக்க, காசு கொடுத்து வாங்கிய இயந்திரத்தில் எதற்குப் பனிக்கட்டி செய்கிறார்கள்? கேட்டேன். சிரித்தாளே தவிரப் பதில் இல்லை.

பக்கத்து அறையில் காடி நெடி கண்ணைக் கரித்தது. அங்கே கலப்பில்லாத மருந்துத் தூளை அசெட்டிக் அமிலத்தில் கரைத்து, பெர்குளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கிறார்கள். தூளுக்குச் சரி, களிம்புக்கு ஒத்துவராது. புறஊதா ஒளியை நேரே பாய்ச்சிப் பார்க்கலாமே என்றால் பென்சைல் ஆல்கஹாலும் அதே ஒளியை விழுங்கித் தொலைக்கிறது. அதனால்தான் வடிகட்டியதை அளக்க எச்.பி.எல்.சி. இயந்திரம். சாண் நீள எஃகுக் குழாய்க்குள் நுண்ணிய சிலிக்கா மணிகள். பம்பு பேரழுத்தத்தில் திரவத்தைத் தள்ள, ஒவ்வொரு பொருளும் அதனதன் நேரத்தில் வெளியே வருகிறது. திரையில் முதலில் பென்சைல் ஆல்கஹாலின் சிகரம். வெகுநேரம் வெறும் கோடு. அப்புறம், அம்மாடி, குளோட்ரிமசோல்! அமிலம் பட்டு மருந்து சிதைந்திருந்தால் அந்தத் துண்டும் தனிச் சிகரமாகக் காட்டிக்கொடுக்கும். அளவு தெரிந்த சுத்த மருந்தின் சிகரப் பரப்போடு ஒப்பிட்டால் கணக்கு முடிந்தது. லேபிளில் போட்ட அளவில் 90 முதல் 110 சதவீதம் வரை அமெரிக்க மருந்து நூல் ஒத்துக்கொள்கிறது.

மத்தியானம் தாழ்வாரத்தில் முன்பின் தெரியாதவர்கள்கூட என்னைப் பார்த்து "மால்ட்சைட்!" என்றார்கள். நானும் திருப்பிச் சொல்லிவைத்தேன். அது சாப்பாட்டு நேரத்து வணக்கம் என்று தெரியாமலே எனக்குப் பசித்தது.

சாப்பிட்டு வந்ததும் இன்னொரு களிம்புக் குழாயைப் பிதுக்கினாள். அதே செய்முறை, ஆனால் திரையில் கூடுதலாக ஒரு சிகரம்: பீட்டாமெத்தசோன். ஸ்டீராய்டு. "இது அரிப்பைச் சட்டுனு அடக்கும். அதுக்காகவே வாரக்கணக்காத் தடவுவாங்க. பூஞ்சை உள்ளுக்குள்ள பரவிட்டே இருக்கும், அண்ணே" என்றாள். நம்மூர் மருந்துக் கடைகளில் சீட்டில்லாமலே இப்படிக் கலந்த களிம்புகள் கிடைக்கின்றன; படர்தாமரை இந்தியாவில் அடங்காமல் திரும்பத் திரும்ப வருவதற்கு இதையும் ஒரு காரணமாகத் தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். குழாயின் பின்பக்கத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தடவாதீர்கள்.