ஓடையில் போட்ட மாத்திரைகள்

2012 மார்கழியில் ஒரு விடிகாலை. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், பூப்பாறை போகிற வழியில் உள்ள ஏலத்தோட்டத்து ஓடையோரம் நின்று, டப்பாவிலிருந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாக எண்ணித் தண்ணீரில் போட்டேன். இருபத்திரண்டு. மறுநாள் க.விலக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே ஏ.ஆர்.டி. மையத்தில் கவுன்சிலர் பிள்ளை டப்பாவைக் கவிழ்த்து மீதியை எண்ணும். தோட்டத்தில் கணக்கெழுதுகிறவன் நான். கணக்கை நேராக்கிக் காட்ட எனக்குத் தெரியும். "ஒரு வேளைகூட விடலையேண்ணே!" என்று அந்தப் பிள்ளை சந்தோஷமாக எழுதிக்கொண்டது. அந்த முகம் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

எனக்கு எச்.ஐ.வி. இருப்பது 2009-இல் தெரிந்தது. ரத்தத்தில் நோயை எதிர்க்கும் சி.டி.4 அணுக்கள் 180. நல்ல உடம்பில் 500-க்கு மேல் இருக்க வேண்டியவை. சிடோவுடின், லாமிவுடின், நெவிரபின் மூன்றும் சேர்ந்த மாத்திரை, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. இரண்டே வருஷத்தில் அணுக்கள் 460-க்கு ஏறின. பசி எடுத்தது, மேட்டில் மூச்சு வாங்காமல் நடந்தேன். காய் எடுப்பு சீசனில் வாரக்கணக்கில் மலையிலேயே தங்குவேன். ஸ்டோருக்குப் பக்கத்து அறையில் ஐந்து பேர் படுப்போம். அத்தனை பேர் முன்னால் டப்பாவைத் திறக்கப் பயம். "என்ன மாத்திரைண்ணே?" என்ற ஒரு கேள்விக்குப் பயந்து, சேர்ந்தாற்போல இரண்டு நாள், மூன்று நாள் விட்டேன். உடம்புதான் நன்றாக இருக்கிறதே என்று மனசும் சமாதானம் சொன்னது.

உடம்பு நன்றாக இருப்பதும் கிருமி சும்மா இருப்பதும் ஒன்று என்று நினைத்திருந்தேன். தொற்றிய பிறகு நோய் வெளியே தெரியாத எட்டுப் பத்து வருஷமும் வைரஸ் தூங்குவதாகத்தான் டாக்டர்களில் பலரும் ஒரு காலத்தில் நினைத்தார்களாம். 1990-களின் நடுவில் அமெரிக்காவில் டேவிட் ஹோவும் மற்றவர்களும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். மருந்து இல்லாத உடம்பில் ஒரே நாளில் சுமார் ஆயிரம் கோடி புது வைரஸ் பிறக்கிறது. அதன் மரபுச் செய்தி மொத்தமே பத்தாயிரம் எழுத்துக்குள். அதைப் படியெடுக்கும்போது பிழை விழுகிறது, திருத்துவதற்கு அதனிடம் ஏற்பாடு கிடையாது. ஆயிரம் கோடிப் படியில், எந்த ஓர் எழுத்து மாறினாலும் அப்படி மாறிய வைரஸ் ஏதோ ஒன்று தினமும் பிறந்துவிடும். உடம்பு ஓர் எதிர்ப்பைத் தயார் செய்வதற்குள் கிருமி சட்டையை மாற்றிக்கொள்கிறது. உடம்பு மறுபடி துரத்துகிறது, அது மறுபடி மாற்றுகிறது. இந்த ஓட்டத்தில் சி.டி.4 அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோவதுதான் எய்ட்ஸ் வரை கொண்டுபோய் விடுகிறது.

நெவிரபினிடமிருந்து தப்ப வைரஸுக்கு ஓர் எழுத்து மாறினால் போதும். லாமிவுடினுக்கும் அப்படியே. அதனால்தான் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மூன்றுக்கும் ஒரே நேரத்தில் தப்புகிற வைரஸ் அமைவது அபூர்வம். ஆனால் மாத்திரையை நிறுத்தினால் மூன்றும் ஒன்றாக ரத்தத்தைவிட்டுப் போவதில்லை. நெவிரபின் மட்டும் நாள்கணக்கில் தங்கும். மூன்று காவலரில் இரண்டு பேர் வீட்டுக்குப் போய்விட்ட செக்போஸ்ட் மாதிரி. நான் விட்ட அந்த ராத்திரிகளில் என் ரத்தம் அப்படித்தான் இருந்திருக்கிறது.

இதில் என்னை வதைப்பது, இந்தப் பாடம் எனக்கு முன்னமே தெரியும் என்பது. இலைப்பேன் தாக்கிய ஏலக்காய் சொறி பிடித்துவிடும், விலை போகாது. மருந்தடிக்கிற பையன்கள் தண்ணீரைக் கூட்டி நீர்க்கக் கலக்கினால் சத்தம் போடுவேன். "அரைகுறையா அடிச்சா செத்தது போக, தாங்குனது பெருகும்டா, அடுத்த தடவை இந்த மருந்துக்கு மசியாது" என்பேன். சொல்லிவிட்டு அன்றைக்கு ராத்திரி மாத்திரை போடாமல் படுத்திருக்கிறேன்.

2013 ஆடியில் வாய்க்குள் வெள்ளை படிந்தது. சோறு இறங்கவில்லை. ஒன்பது கிலோ குறைந்தது. சி.டி.4 140. மாத்திரைக் கணக்கு சுத்தமாக இருக்க, அணுக்கள் ஏன் சரிகின்றன என்று டாக்டர் குழம்பினார். அப்போதுதான் ஓடையைப் பற்றிச் சொன்னேன். கூட வந்திருந்த என் மனைவிக்கும் அன்றைக்குத்தான் தெரியும். அவளுக்குத் தொற்று இல்லை. என் உடம்பில் வைரஸ் எண்ணிக்கை ஏறியிருந்த அத்தனை மாதமும், மருந்துக்கு மசியாத கிருமியை அவளுக்கும் கொடுத்திருக்கக்கூடும். அவள் ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸில் போடி வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இரண்டாம் கட்ட மருந்துக்கு மாற்றினார்கள். அட்டசனவிர் தொடங்கியதும் கண் மஞ்சளானது. அது அந்த மருந்தின் பக்கவிளைவு. காமாலை என்று நினைத்துத் தோட்டத்து அம்மா ஒருவர் கீழாநெல்லி பறித்துக் கொடுத்தார். புது மருந்துகளோடு லாமிவுடினும் இருந்தது. "அதுக்குத்தான் கிருமி மசியாதே, எதுக்கு சார்?" என்று கேட்டேன். டாக்டர் சொன்னதை மறக்க மாட்டேன்: அந்த மருந்திலிருந்து தப்புவதற்காக மாறிய வைரஸ், அந்த மாற்றத்தாலேயே நொண்டியாகிறது, முன்போல் வேகமாகப் பெருக முடிவதில்லை. லாமிவுடினை நிறுத்தினால் பழைய வேகமான வைரஸ் திரும்பி வரும். ஆனால் நெவிரபின் எனக்கு இனி உதவாது. அதற்குத் தப்பிய வைரஸின் பிரதி, உறங்கும் அணுக்களுக்குள் என் ஆயுசுக்கும் பத்திரமாக இருக்கும்.

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக இந்தத் தொற்றைக் கண்டறிந்தபோது இதற்கு மருந்தே கிடையாது. 2004 ஏப்ரல் முதல்தான் அரசு இலவசமாகக் கொடுக்கிறது. இடைப்பட்ட காலத்தில் ஒரு மாத்திரை கிடைக்காமல் செத்தவர்கள் எத்தனையோ பேர். நான் ஓடையில் போட்டது அந்த மாத்திரையைத்தான்.

இன்று என் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது. இப்போது புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு டொலூடெக்ராவிர் சேர்ந்த மாத்திரை, ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. அதிலிருந்து வைரஸ் எளிதில் தப்புவதில்லை. விடியுமுன் ஜீப் ஏறி மலைக்குப் போகிற என் மாதிரி ஆட்களுக்குச் சொல்கிறேன்: தங்கி வேலை பார்க்கப் போவதாக இருந்தால் மையத்தில் முன்கூட்டியே சொல்லி, கூடுதல் நாளுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வேளை விட்டுவிட்டால், விட்டேன் என்று சொல்லுங்கள். நேரில் சொல்லத் தயக்கமாக இருந்தால் 1097-க்குப் போன் செய்யுங்கள், காசு கிடையாது.