மகளுக்கு எழுதிய கோட்டை

இத்தாலியின் வடமேற்கு மூலையில், ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே ஆவோஸ்தா என்றொரு பள்ளத்தாக்கு. காலையில் காரில் கிளம்பினால், சாயங்காலத்துக்குள் மூன்று கோட்டைகளைப் பார்த்துவிடலாம். நாங்கள் அப்படித்தான் பார்த்தோம். மூன்றும் ஷாலான் வம்சத்துப் பிரபுக்களுடையவை.

முதலில் ஃபெனிஸ். அதற்கு இரட்டை மதில். எண்ணி மாளாத கோபுரங்கள்! அடுத்தது இஸ்ஸோன்யே மாளிகை. அதன் தாழ்வாரத்துச் சித்திரங்களைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ராஜா ராணி இல்லை. காய்கறிச் சந்தை, தையற்கடை, மருந்துக்கடை! ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய கடைத்தெருவை அப்படியே தீட்டியிருக்கிறார்கள். முற்றத்தில் இரும்பாலான மாதுளை மரத்தின் கீழே நீரூற்று.

ஆற்றின் எதிர்க்கரையில், பாறை உச்சியில் வெர்ரெஸ் கோட்டை. 1390-ல் கட்டியது. பக்கத்துக்குச் சுமார் 30 மீட்டர் நீளம். அலங்காரமே இல்லாத கற்பெட்டி. ஆனால் அதற்குள்தான் கதை இருக்கிறது, சகோதரிகளே!

1442-ல் காலமான பிரபுவுக்கு ஆண் வாரிசு இல்லை. சொத்தைப் பெண்களுக்கே எழுதி வைத்தார். "பெண்ணுக்கா கோட்டை?" என்று பங்காளிகள் வழக்குக்கு வந்தார்கள், பிறகு சண்டைக்கே வந்துவிட்டார்கள். மகள் கத்தரீன் விடாமல் போராடினாள். 1456-ல் உரிமையை விட்டுக்கொடுக்க நேர்ந்தது.

நடுவில் 1449-ல், அவள் கணவனோடு மலையிலிருந்து இறங்கி வந்து, ஊர்ச் சதுக்கத்தில் ஜனங்களோடு கைகோத்து நடனமாடினாளாம். அதைத்தான் வெர்ரெஸ் ஊரார் வருஷந்தோறும் திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். கத்தரீனாக வேஷம் போட ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஜெயித்த பங்காளியாக வேஷம் போட யாராவது ஆசைப்படுவார்களா, நீங்களே சொல்லுங்கள்!